எம்மெல்லே வாராவளாம்

மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்தில் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை குலசாமிக்கு, இரண்டாவது எம்.எல்.ஏ.வுக்கு. குலசாமி சங்கரன்கோயில் பக்கம் ஏதோ ஒரு காட்டில் இருக்கிறார், மலையேறி வரமாட்டார். எம்.எல்.ஏ. வந்தே ஆக வேண்டும். எங்கள் அத்தையின் கணக்கில் அவர் சட்டசபையில் என்ன பேசினார் என்பதெல்லாம் வராது. துட்டி வீட்டுக்கு வந்தாரா, வந்தவர் உட்கார்ந்தாரா, இதுதான் கேள்வி. "நின்னுக்கிட்டே போயிட்டாவ" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு வரிசை லயத்து ஓட்டு அதோடு சரி.

எங்கள் தேவிகுளம் தொகுதிக்குச் சத்தியப் பிரமாணமும் கோர்ட்டும் ஜாதகத்திலேயே எழுதியிருக்கிறது. 1957இல் கேரளத்தின் முதல் சட்டசபையில் முதலில் பிரமாணம் எடுத்தவரே எங்கள் ரோசம்மா புன்னூஸ்தான். எதிராளியின் வேட்புமனுவைத் தள்ளியது தப்பு என்று சொல்லி அவருடைய தேர்தலை ரத்து செய்தார்கள். 1958இல் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாட்டுப் பாட பண்ணைப்புரத்திலிருந்து மலையேறி வந்தவர் பாவலர் வரதராசன், இளையராஜாவின் அண்ணன். ரோசம்மா மறுபடி ஜெயித்தார். அந்தப் பாட்டுகளைக் கேட்ட பெருசுகள் வேட்பாளர் முகத்தை மறந்திருப்பார்கள், மெட்டை மறக்கவில்லை.

2021இல் இங்கே ஜெயித்த ஆ. ராஜா மே 24 அன்று தமிழிலேயே பிரமாணம் எடுத்தார். டி.வி. முன்னால் எங்களுக்கெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம் பார்த்தால், அவர் கையில் கொடுத்த தாளில் 'கடவுள் பெயரால்' என்பதும் இல்லை, 'உளமார' என்பதும் இல்லை! இரண்டில் ஒன்றைச் சொன்னால்தான் செல்லும். ஆகவே ஜூன் 2 அன்று மறுபடி ஒரு பிரமாணம். நடுவில் சபையில் உட்கார்ந்த நாட்களுக்கு, நாளுக்கு 500 வீதம் 2,500 ரூபாய் அபராதம். "கிட்டத்தட்ட ஒரு வாரக் கூலியில்லா!" என்று அத்தை பதறிப் போனாள். ஜாதகத்தின் மறுபாதி பின்னாலேயே வந்தது. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

எல்லைக்காரன் பாடு தெரியுமா? கேரளத்துப் பேச்சையும் தாங்க வேண்டும், தமிழ்நாட்டுப் பொன்னாடையையும் தாங்க வேண்டும். ஒரு வெயிட்டிங் ஷெட் திறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மலையாள முறைப்படி ஸ்வாகதம், அத்யக்ஷன், உத்காடனம் என்கிற திறப்பு, முக்கியப் பிரபாஷணம், அதன்பின் ஆசம்சை என்கிற வாழ்த்துரை பத்துப் பன்னிரண்டு. நம் முறைப்படி ஒவ்வொருவருக்கும் சால்வை, சால்வைக்கொரு போட்டோ. மேடையில் இருக்கிற கூட்டம் கீழே இருக்காது. மழை பிடித்துக்கொண்டால் மொத்தப் பேரும் அந்த ஷெட்டுக்குள் ஒதுங்குவார்கள், உத்காடனம் தானாக முடிந்துவிடும். ஷெட்டின் நெற்றியில் எம்.எல்.ஏ. பெயர் பெரிதாக, ஊர்ப் பெயர் சின்னதாக. பஸ்ஸில் வருகிறவன் இறங்கி நின்று படித்தால்தான் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியும்.

நினைவிடங்களுக்கும் நினைவு நாட்களுக்கும் குறைவில்லை. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் என் சின்ன மச்சான் இருக்கிறான். போன் செய்தால் முதலில் வடவன்னூர் எம்.ஜி.ஆர். வீட்டைப் பற்றித்தான் பேசுவான். அந்தப் பழைய வீட்டைப் புதுப்பித்து 2019இல் நினைவில்லமாகத் திறந்ததிலிருந்து, எம்.ஜி.ஆருக்கே சொந்தக்காரன் மாதிரி ஒரு மிதப்பு. எங்களுக்கு அப்படிக் காட்ட வீடு கிடையாது. பெட்டிமுடி இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மண் சரிந்து 70 பேர் போன இடம். அந்த நினைவு நாளில் யார் வந்தார்கள், யார் உட்கார்ந்தார்கள் என்று அத்தை கணக்குப் பார்ப்பதில்லை. அவளோடு கொழுந்து பறித்தவர்களும் அந்த மண்ணுக்குள் போனார்கள்.

தைப் பொங்கலுக்கு வருவோம். கேரளத்தில் ஆறு மாவட்டங்களுக்குப் பொங்கல் லீவு உண்டு, இடுக்கியும் பாலக்காடும் அதில் சேர்த்தி. 2022இல் அந்த லீவை 15ஆம் தேதிக்கு வைத்துவிட்டார்கள். ஸ்டாலின் பினராயிக்குக் கடிதம் எழுதி, 14க்கு மாற்றியானது. ஒரு பானைக்காக இரண்டு முதலமைச்சர்கள்! 15ஆம் தேதி வேறொருவருக்குச் சொந்தம். குமுளியிலிருந்து மலையிறங்கினால் லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம், அன்றைக்கு அவர் பிறந்தநாள். தேனிக்காரர்கள் அவருக்கே பொங்கல் வைத்துக் கும்பிடுவார்கள். மலைக்கு மேலே அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிப் பேச்செடுத்தால் மைக்கே கரகரக்கும். எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பேச்சாளர்கள் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிப்பார்கள்.

பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் டிவிஷனில் பொங்கல் விழா. அப்போதைய ஒரு மக்கள் பிரதிநிதி பத்து மணிக்கு வருவதாக நோட்டீஸ். பானைக்கு நோட்டீஸ் படிக்கத் தெரியுமா? பத்தரைக்கே பொங்கிவிட்டது. கமிட்டிக்காரர்கள் வெலவெலத்துப் போய்ப் பானையை இறக்கி மறைத்தார்கள், புதுப்பானை ஏற்றினார்கள், தீயைக் கூட்டாமலும் அணைக்காமலும் ஒருத்தனைக் காவல் போட்டார்கள். ஒரு மணிக்கு ஜீப் சத்தம் கேட்டதும் அவன் ஊதினான் பாருங்கள் ஊத்து! அவர் வந்து கரண்டியைத் தொட, பால் பொங்க, நாங்கள் குலவை போட, போட்டோ எல்லாம் பிரமாதம்.

முதல் பானையை அத்தை அதற்குள் லயத்துக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"ஏல, இன்னும் உத்காடனம் ஆவாத பொங்கலு இது. சத்தங்காட்டாமத் தின்னுங்க."