சட்டைப் பொத்தானின் பக்கமும் அதன் பால் பாகுபாடும்

மேலைநாட்டு முறையில் தைக்கப்படும் முன்திறப்புச் சட்டையில் ஆண்பிள்ளைக்குப் பொத்தான் வலப்பக்கமும் காஜா இடப்பக்கமும் அமையும். பெண்பிள்ளைக்கு இது நேர்மாறு. பையன் சட்டையில் இடப்பக்கத் துணி மேலே ஏறும். பெண் சட்டையில் வலப்பக்கத் துணி ஏறும். இங்கே வலம் என்பது அணிபவரின் வலம். எதிரில் நிற்பவரின் வலமோ, கண்ணாடிக்குள் தெரிபவரின் வலமோ அன்று. இவ்வரையறையை முதலில் செய்துகொள்ளாமல் இப்பொருளைப் பேசத் தொடங்கும் குடும்பங்களில் பேச்சு சண்டையில் முடிவது இயல்பு.

தமிழ் இலக்கணப்படி சட்டை அஃறிணை. அஃறிணைக்கு உரியவை ஒன்றன்பாலும் பலவின்பாலும் மட்டுமே. உடுத்தியிருக்கும் சட்டை ஒன்றன்பால். துவைக்காமல் நாற்காலியில் குவிந்திருப்பவை பலவின்பால். ஆண்பால், பெண்பால் என்னும் பகுப்பு உயர்திணையைத் தாண்டி வருவதில்லை. தொல்காப்பியர் கொடுக்காத பாலைச் சட்டைக்குக் கொடுத்தவர்கள் ஐரோப்பியத் தையற்காரர்கள்.

பொத்தான் பழையது; காஜா புதியது. மொகஞ்சதாரோவில் சிப்பியால் செய்து துளையிட்ட பொத்தான் போன்ற பொருள்கள் கிடைத்துள்ளன. அவற்றின் வயது 4,000 ஆண்டுகளுக்கு மேல். ஆனால் அவை துணியைப் பூட்டுவதைவிட அழகுக்கே பயன்பட்டிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. துணியில் கிழித்து ஓரம் தைத்த காஜா ஐரோப்பாவில் பரவியது 13ஆம் நூற்றாண்டில்தான். பொத்தான் தான் நுழைய வேண்டிய வாசலுக்காக மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. வாசல் வந்த பிறகும் பக்கச் சிக்கல் உடனே வந்துவிடவில்லை. பெண்களின் உடைகள் நெடுங்காலம் கயிறு, கொக்கி, குண்டூசி ஆகியவற்றால் மூடப்பட்டன; பல முதுகுப்பக்கம் திறந்தன. ஆண்களின் கோட்டைப் பார்த்துப் பெண்களின் குதிரையேற்ற உடையும் பின்னர் மேற்சட்டையும் தைக்கப்பட்டபோதுதான் இரண்டையும் வேறுபடுத்தும் தேவை எழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் வழக்கம் உறுதிப்பட்டது. 1851இல் காப்புரிமை பெற்ற சிங்கர் தையல் இயந்திரமும், அதன் பின்னே பெருகிய ஆயத்த ஆடைத் தொழிலும் அவ்வழக்கத்தை அசைக்க முடியாததாக்கின.

இவ்வழக்கத்திற்குக் காரணம் கூறும் கொள்கைகள் பல. அவற்றுள் தலையாயது பணிப்பெண் கொள்கை. செல்வச் சீமாட்டிகள் தாமே உடுத்தவில்லை. பணிப்பெண் எதிரே நின்று உடுத்திவிட்டாள். சீமாட்டியின் இடப்பக்கம் பணிப்பெண்ணின் வலக்கைக்கு எதிரே வரும். ஆகவே பொத்தான் அங்கே போயிற்று என்பது இதன் சாரம். கேட்கச் சரியாகவே இருக்கிறது. ஆனால் பிரான்சின் பதினான்காம் லூயி தம் கையால் உடுத்தியவர் அல்லர். காலையில் அவர் எழுவதே அரசவைச் சடங்காக இருந்தது. சட்டையை நீட்டுவது பிரபுக்கள் போட்டியிட்டுப் பெறும் பேறு. இக்கொள்கை மெய்யானால் அவருடைய பொத்தான்கள் அல்லவா முதலில் இடம் பெயர்ந்திருக்க வேண்டும்? மறுதலையாக, தமிழ்நாட்டில் சேலைக்கு அணியும் ஜாக்கெட்டில் பொதுவாகக் கொக்கி வலப்பக்கமும் அது மாட்டும் வளையம் இடப்பக்கமும் இருக்கும். வலது மேலே ஏறும். அதை மாட்டுவது உடுத்துபவளே. அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் எந்தப் பணிப்பெண்ணும் எதிரே நிற்பதில்லை.

இக்கொள்கையின் பெருங்குறை கைக்குழந்தையிடம் வெளிப்படுகிறது. குழந்தை ஆணாயினும் பெண்ணாயினும் பிறர்தான் உடுத்திவிட வேண்டும். எனவே எல்லாக் குழந்தைச் சட்டையும் பெண்பக்கமே பூட்டப்பட்டு, பையன் தானாகப் பொத்தான் போடக் கற்ற நாளில் பக்கம் மாற வேண்டும். காதுகுத்துக்கும் பள்ளியில் சேர்ப்பதற்கும் நடுவே பொத்தான் மாற்று விழா ஒன்று, தாய்மாமன் சீர் உட்பட, நடந்திருக்க வேண்டும். அவ்வாறு நடந்ததற்குச் சான்றில்லை. ஐரோப்பாவில் இதற்கு அருகே வரும் ஒரு வழக்கம் மட்டும் இருந்தது. அங்கே சிறுவர்கள் ஏறத்தாழ நான்கு முதல் ஏழு வயது வரை சிறுமிகளைப் போலவே கவுன் அணிந்தனர். பிறகு ஒரு நாளில் கால்சட்டைக்கு மாறினர். குடும்பங்கள் அதைக் கொண்டாடின. ஆனால் மாறியது கால்சட்டை. பொத்தானை யாரும் கொண்டாடவில்லை.

இரண்டாவது வாள் கொள்கை. வலக்கை வீரனின் வாள் இடது இடுப்பில் தொங்கும். இடக்கை கோட்டைத் திறக்க, வலக்கை வாளை உருவும். இடது மேலே ஏறிய உடைக்குள் குளிருக்காக வலக்கையை நுழைத்து வைப்பதும் எளிது. இதன் உடன்பிறப்பு கவசக் கொள்கை: எதிரியின் ஈட்டி பெரும்பாலும் இடப்பக்கம் தாக்கும் என்பதால் தகடுகளின் இடுக்கு அத்திசை நோக்கித் திறந்திருக்கக் கூடாது. இரண்டும் போர்க்களத்திற்குப் பொருந்தலாம். எல்.கே.ஜி. செல்லும் சிறுவனின் இடுப்பருகே தொங்குவது தண்ணீர் பாட்டில். அதை உருவச் சட்டையைத் திறக்க வேண்டியதில்லை.

நெப்போலியன் கொள்கை கதை என்ற அளவில் சுவையானது. உள்கோட்டுக்குள் கைநுழைத்து நிற்கும் அவரைப் பெண்கள் பார்த்துப் பகடி செய்தார்களாம். அது கூடாதென்று பெண்கள் உடையின் பக்கத்தையே மாற்ற ஆணையிட்டாராம். அப்படி ஓர் ஆணை கிடைக்கவில்லை. 1812இல் ழாக் லூயி தவீத் தீட்டிய ஓவியத்தில் அவர் அவ்வாறு நிற்பது உண்மை. ஆனால் அந்த நிலை 18ஆம் நூற்றாண்டில் படத்திற்கு நின்ற கனவான்கள் பலருக்கும் பொது. பகடி செய்வதானால் பாதி ஐரோப்பாவைச் செய்திருக்க வேண்டும்.

தாய்ப்பால் கொள்கை, குழந்தையை இடக்கையில் ஏந்தும் தாயின் வலக்கை சட்டையைத் திறக்கும் என்கிறது. குழந்தை இரண்டு பக்கமும் பால் குடிக்கும் என்பதை இக்கொள்கையை வகுத்தவர் கேட்டறியவில்லை.

எஞ்சுவது குதிரைக் கொள்கை. மேலைநாட்டுச் சீமாட்டிகள் இரு கால்களையும் இடப்பக்கம் தொங்கவிட்டு ஒருபக்கமாக அமர்ந்து குதிரை ஏறினர். அப்போது வலத்தோள் சற்று முன்வரும். எதிர்காற்று வலமிருந்து மோதும். வலது மேலே ஏறிய உடைக்குள் காற்றுப் புகாது. ஐரோப்பாவில் இதைச் சோதிக்க இப்போது ஆள் அரிது. ஆனால் அதே திசையில், அதே ஒருபக்க அமர்வில், இந்தியச் சாலைகளில் சேலை கட்டிய பெண்கள் நாள்தோறும் இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் செல்கின்றனர். அவர்களுடைய ஜாக்கெட்டிலும் வலதே மேலே. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் அமர்பவரின் உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்கிறது. அரசு முந்தானைவரை சிந்தித்திருக்கிறது. கொக்கியைப் பற்றிச் சிந்திக்கவில்லை. எல்லாக் கொள்கைகளிலும் குதிரைக் கொள்கை ஒன்றே இன்று சோதனைக்கு உட்படக்கூடியது என்பதால் மற்றவற்றைவிடச் சிறிது மதிக்கத்தக்கது.

ஆசியாவுக்குள் வந்தால் காரணம் தேடும் முயற்சியே வேறு நிறம் பெறுகிறது. பண்டைச் சீனத்தில் இடது மேலே ஏறுவது நாகரிகம். வலது ஏறினால் அணிந்தவர் காட்டுமிராண்டி. 719இல் ஜப்பானிய அரசவை எல்லாரும் இடதை மேலே மடிக்க வேண்டுமென ஆணையிட்டது. கிமோனோவில் ஆண், பெண் இருவருக்கும் இன்றுவரை அதுவே முறை. வலது மேலே வருவது பிணத்திற்கு உடுத்தும்போது மட்டும். முகலாயர் காலத்து ஜாமா என்னும் மேலங்கியை முஸ்லிம்கள் வலது அக்குளின் கீழும் இந்துக்கள் இடது அக்குளின் கீழும் முடிந்தனர். ஓவியத்தில் நிற்பவர் எந்தச் சமயத்தவர் என அறிய ஆய்வாளர்கள் அம்முடிச்சைப் பார்க்கின்றனர். நாகரிகன், அநாகரிகன், உயிரோடிருப்பவர், இறந்தவர், இந்து, முஸ்லிம், ஆண், பெண். எந்த வேறுபாடு குழம்பிவிடுமோ என ஒரு சமூகம் அஞ்சுகிறதோ அதைச் சட்டையின் ஓரத்தில் தைத்து வைக்கிறது. வாளும் பணிப்பெண்ணும் குதிரையும் பிறகு தேடிப் பிடித்த சாட்சிகள்.

இவ்வழக்கத்தால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. 1839இல் அறிமுகமான டாகுரோடைப் ஒளிப்படம் கண்ணாடிப் பிம்பம்போல் இடம் வலமாகப் பதியும். படத்திலுள்ள ஆணின் கோட்டில் வலது மேலே ஏறியிருந்தால் பிம்பம் புரண்டிருக்கிறது என ஐயுறலாம். தன்படம் எடுத்துக்கொள்வோர் திரையில் காணும் தம் சட்டையும் இவ்வாறே பால் மாறித் தெரியும்.

இன்று ஜீன்ஸ் பெரும்பாலும் இருபாலருக்கும் ஆண்பக்கமே மூடுகிறது. இருவருக்கும் பொது என விற்கப்படும் போலோ சட்டையும் அப்படியே. பொது என்று எதைச் சொன்னாலும் அது ஆணின் அளவாகவே இருக்கும் பழைய பழக்கம் பொத்தான் பட்டியிலும் தொடர்கிறது. பத்தில் ஒருவரான இடக்கையரை இரு பக்கத்தாரும் கலந்துகொள்ளவில்லை. அண்ணனின் பழைய சீருடைச் சட்டையைப் போட்டு வளரும் தங்கை சில நாள் தடுமாறிப் பிறகு இருபக்கமும் பழகிவிடுகிறாள். அக்காவின் சட்டை தம்பிக்கு வருவது அரிது, வந்தால் வகுப்பே கண்டுபிடித்துவிடும்.

தவறான பக்கத்தில் தைத்த சட்டையைத் திருத்துவது எளிதன்று. சட்டைப் பொத்தான் 18 லைன் அளவு, அதாவது அரை அங்குலத்திற்கும் குறைவு. அதைப் பிரித்து எதிர்ப்பக்கம் தைக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் காஜா துணியை வெட்டிப் போடப்படுவது. இழையோட்டி அடைத்தாலும் தழும்பு தெரியும். பட்டியையே மாற்ற வேண்டிவரும். பக்கம் பற்றித் தனிக் கருத்துடையோர் துணி கொடுக்கும்போதே டெய்லரிடம் சொல்லிவிடுவது நல்லது.