வாலைத் தூக்கிப் பாருங்கள்!

கே: என் பெட்டைக் குதிரை பொலி குதிரையோடு பலமுறை சேர்ந்தும் சினை பிடிக்கவில்லை. கர்ப்பப்பையில் சீழாம். ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் போட்டுவிடலாமா? – செங்கம் வாசகர்

ப: எந்தக் கிருமி என்று பார்த்தாயிற்றா? உள்ளிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸா, ஈ.கோலையா, பூஞ்சையா என்று தெரியும். பூஞ்சையாக இருந்தால் ஆன்டிபயாடிக்கால் அதற்குக் கொண்டாட்டம். போட்டிக்கு இருந்த பாக்டீரியாவை நீங்களே விரட்டிக் கொடுக்கிறீர்கள்.

கே: ஆன்டிபயாடிக் வேண்டாமென்றால் வேறென்ன வழி? – போளூர் வாசகர்

ப: கழுவுவது. இணை சேர்ந்தாலே விந்து பட்டுக் கர்ப்பப்பை கொஞ்சம் வீங்கும், அது இயல்புதான். திடமான குதிரை இரண்டு நாளில் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். பல ஈற்று கண்ட கிழக் குதிரைக்குக் கர்ப்பப்பை தொங்கிப்போய், தள்ள வலுவின்றி நீர் தேங்கும். கிருமி குடியேறுவது அங்கேதான். டாக்டர் ஸ்கேனில் பார்த்துவிட்டு, குழாய் வழியே ரிங்கர் லாக்டேட்டை லிட்டர் கணக்கில் விட்டு, திரும்பி வரும் நீர் தெளியும்வரை அலசுவார். பிறகு ஆக்சிடோசின் போட்டால் கர்ப்பப்பை சுருங்கி மிச்சத்தையும் வெளியேற்றும். கிருமி சளிப்படலம் கட்டியிருந்தால் அசிட்டைல்சிஸ்டீன் சேர்ப்பதும் உண்டு. நமக்கு நெஞ்சுச் சளி கரையக் கொடுக்கிறார்களே, அதுதான். கழுவினால் சினை போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். சேர்ந்து நாலு மணி நேரத்தில் வேண்டிய விந்தணுக்கள் கருக்குழாய்க்குப் போய்விடும். கரு கர்ப்பப்பைக்கு இறங்கிவர ஆறு நாளாவது ஆகும்.

கே: ஆக்சிடோசினை எங்கள் பால்காரரிடமே வாங்கிக்கொள்ளலாமா? – கீழ்பென்னாத்தூர் வாசகர்

ப: அவரிடம் பாலே வாங்காதீர்கள். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது.

கே: கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்து உள்ளே வைத்தால்? – தண்டராம்பட்டு வாசகர்

ப: தஞ்சைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய அந்தக் கலவை மாட்டு மடிநோய்க்கு, அதுவும் மடிமேல் பூச. கர்ப்பப்பைக்குள் சுண்ணாம்பு போனால் உள்சவ்வு வெந்து தழும்பாகும். அப்புறம் கரு எங்கே ஒட்டும்? போவிடோன் அயோடினைக்கூட டாக்டர்கள் நன்றாக நீர்த்த பிறகுதான் விடுகிறார்கள்.

கே: தீபத் திருவிழாச் சந்தையில் பெட்டைக் குதிரை வாங்கப் போகிறேன். எதைப் பார்க்கணும்? – அடி அண்ணாமலை வாசகர்

ப: குதிரை வியாபாரத்தில் ராத்திரிதான் உண்மை தெரியும் என்பது மாணிக்கவாசகர் காலத்துச் சங்கதி. நீங்கள் பகலிலேயே வாலைத் தூக்கிப் பாருங்கள். பல்லைப் பார்க்க ஊரே கூடும், பின்னால் போக ஆளிருக்காது. ஆசனவாய் உள்வாங்கி, கீழே யோனி நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து படுத்திருந்தால் லத்தி அதன்மேலேயே விழும். காற்றும் உள்ளே போகும். எத்தனை கழுவினாலும் மறுபடி சீழ்தான். மேல்பாதியைத் தைத்து மூடுவதே வைத்தியம். கேஸ்லிக் என்ற அமெரிக்க மருத்துவர் 1937-ல் எழுதிவைத்த முறை, இன்றும் அவர் பெயரில்தான் நடக்கிறது.

கே: தைத்துவிட்டால் குட்டி எப்படி வெளியே வரும்? – அதே வாசகர்

ப: பிரித்துவிட்டால் வரும். சினை சுமார் பதினோரு மாதம். ஈனுவதற்கு முன்பே டாக்டர் தைத்ததைத் திறக்காவிட்டால் கிழிந்துவிடும். சேர்த்த தேதியைத் தினசரி காலண்டரில் மட்டும் குறிக்காதீர்கள், மறுநாள் காலையில் கிழித்துப் போட்டுவிடுவீர்கள்.