கடைவாய்ப் பல் தரிசனம்

நேற்று ராத்திரி மஸ்கட்டிலிருந்து பெரிய மச்சான் போன். "மாப்ளே, அந்தக் கடைவாய்ப் பல்லை எடுத்துடுங்க. வேரே சரியில்ல."

டாக்டர் என் வாய்க்குள் கேமரா விட்டு எடுத்த முப்பரிமாணப் படத்தில் பல்லும் ஈறும் மேலாகத்தான் தெரியும். வேருக்கு எக்ஸ்ரே வேண்டும். மச்சானுக்கு அதெல்லாம் வேண்டாம், குடும்ப வாட்ஸ்அப் குழு போதும்.

ரோபோ பல் வைத்தியத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். 2017-லேயே சீனாவின் சியான் நகரில், டாக்டர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெண்மணிக்கு ரோபோ இரண்டு இம்பிளான்ட் வைத்துவிட்டது. கேப் போடப் பல்லைச் செதுக்கும் வேலையைக் கால் மணி நேரத்தில் ரோபோ முடித்ததாக 2024-ல் ஓர் அமெரிக்க நிறுவனம் அறிவித்தது. எங்கள் ஊர் வடக்குப்பட்டைச் சுற்றி ரோபோவுக்கா பஞ்சம்? ஒரகடத்தில் காருக்கு வெல்டிங் வைக்கிறது. என் பல்லுக்கு மட்டும் அதே 'ஙொய்ங்' மெஷின். புதிதாக வந்தவை ஸ்கேன் சார்ஜும் ஒரு லிங்க்கும்தான்.

முன்பெல்லாம் மாவைக் குழைத்துத் தட்டில் அப்பி அச்சு எடுப்பார்கள். குமட்டும். ஆனால் அதை யாரும் ஃபார்வர்டு செய்ததில்லை. இந்த லிங்க்கைத் திறந்தால் பல்வரிசையை விரலால் சுழற்றலாம். மனைவி குழுவில் போட்டாள், சுழற்றினார்கள். சித்தப்பா தலைகீழாகத் திருப்பிவிட்டு, "கீழ்ப் பல்லெல்லாம் மேல இருக்கே" என்று கவலைப்பட்டார். தஞ்சாவூர் அத்தை, "புகையிலையா போடறான்?" என்று என்னிடம் கேட்காமல் என் மனைவியிடம் கேட்டார். மாடியில் குடியிருக்கும் பையன் கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப். ஜூம் பண்ணிப் பார்த்துவிட்டு, "சார், இந்த எடத்துல பிரைமரே போயிடுச்சு" என்றான். பால்காரர் வரை பார்த்தாகிவிட்டது. 2022-ல் எங்கள் ஊரில் தொல்லியல் துறை தோண்டிக் கல்லாயுதங்களை எடுத்ததே, அந்தக் குழியைக்கூட இத்தனை பேர் எட்டிப் பார்க்கவில்லை.

பலூசிஸ்தானத்து மெஹர்கரில் 7,500 ஆண்டுகளுக்கும் முன்பே சிக்கிமுக்கிக் கல் முனையால் கடைவாய்ப் பல்லில் துளை போட்டிருக்கிறார்கள். வலித்திருக்கும். ஆனாலும் வலி அந்த ஆளோடு போயிற்று.

எனக்கு ஜிர்கோனியா கேப், மெஷினே கடைந்து தரும். என்ன கலர் என்று இப்போது குழுவில் வாக்கெடுப்பு. ஏ2 முன்னிலையில் இருக்கிறது. அத்தை மட்டும், "கட்டுறதுதான் கட்டுறான், தங்கத்துலயே கட்டிக்கட்டுமே" என்கிறார்.