விருப்ப ஓய்வு ஏடு: ஒரு பதிப்பு முன்னுரை

'ஓர் ஆய்வு' என்று முடியும் தலைப்புகளின் கீழ் தமிழ்நாட்டில் ஆராயப்படாத பொருள் இனி இல்லை என்பது பொதுக் கருத்து. இது பிழை. அரசு அலுவலகங்களில் அன்றாடம் பேசப்பட்டும் அநேகமாக நடக்காமலே போய்விடும் விருப்ப ஓய்வை, அதாவது வி.ஆர்.எஸ்.ஸை, யாரும் சீந்தவில்லை. பதிவுக் கட்டணம் வாங்கி, மதியச் சாப்பாடு போட்டு, ஐ.எஸ்.பி.என். எண்ணோடு தலையணைக் கனத்தில் ஒரு மலரும் கையில் கொடுத்தனுப்பும் கருத்தரங்கப் பெருமக்கள் இந்தப் பக்கம் திரும்பாததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. பேராசிரியர்கள் ஓய்வை ஆராய்வதில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் தகைசால் பேராசிரியராக அதே அறைக்கு எப்படித் திரும்புவது என்பதையே ஆராய்கிறார்கள்.

முதலில் வகைப்பாடு. அது இல்லாத ஆய்வில் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார்.

உடல்நிலை காரணமாகப் போவோர் முதல் வகை. இவர்கள் உண்மையானவர்கள், ஆகவே ஆய்வுக்கு உதவமாட்டார்கள். தேர்தலில் நிற்பதற்காகப் போவோர் இரண்டாம் வகை. பணிக்காலத்தில் உழைத்ததைவிட ஓய்வில் அதிகம் உழைப்பவர்கள். மாறுதல் ஆணையைக் கண்டதும் வி.ஆர்.எஸ். எழுதுவோர் மூன்றாம் வகை. ஆணை ரத்தானதும் குணமாகிவிடும். நான்காம் வகையினர் 1.4.2003 அன்றோ அதற்குப் பின்னரோ பணியில் சேர்ந்து, பங்களிப்பு ஓய்வூதியத்தில் சேர்க்கப்பட்டு, மாதாமாதம் பத்து சதவீதம் பிடித்தம் கொடுத்துவருபவர்கள். இவர்களிடம் கருத்துக் கேட்டதில் கிடைத்த பதில்கள் அச்சில் ஏற்றத் தக்கவை அல்ல. ஐந்தாம் வகை, போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்போர். இந்நூல் முழுதும் இவர்களைப் பற்றியதே.

இவ்விடத்தில் சிலர் பி.எஸ்.என்.எல்.லை எடுத்துக்காட்டி மறுக்கக்கூடும். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000க்கும் மேற்பட்டோர் அங்கே விருப்ப ஓய்வில் வெளியேறினர் என்பது உண்மைதான். ஆனால் முந்திய ஆண்டு சம்பளமே தேதி தவறி வந்துகொண்டிருந்த இடம் அது. பசியில் இருக்கும் விலங்கை வைத்து இயல்பை நிறுவ முடியாது. நாம் ஆராய்வது தேதி தவறாமல் சம்பளம் வரும் இயற்கைச் சூழலில் வாழும் இனத்தை.

மூல நூலுக்கு வருவோம். அடிப்படை விதிகள் 1922 ஜனவரி 1 முதல் நடப்பில் இருப்பவை. அவற்றின் ஐம்பத்தாறாம் விதி, தமிழ்நாட்டுப் பாடத்தில் மூன்றாம் உட்பிரிவு, சொல்வது இவ்வளவே: ஐம்பது வயது நிறைந்தவரோ, இருபதாண்டு தகுதியுள்ள பணிக்காலம் முடித்தவரோ, மூன்று மாதத்துக்குக் குறையாத முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்துவிட்டு ஓய்வு பெறலாம். சூத்திரம் இவ்வளவு தெளிவாக இருந்ததனால்தான் உரைகள் பெருகின.

இச்சூத்திரம் என்ன நுதலிற்றோ எனின், போகலாம் என்பது நுதலிற்று என்பார் கணக்குப் பிரிவு உரைகாரர். அற்றன்று, போனால் என்ன ஆகும் என்பது நுதலிற்று என்பார் பணியமைப்புப் பிரிவு உரைகாரர். இதற்கு முந்திய உட்பிரிவு, ஐம்பது வயதுக்கு மேலோ முப்பதாண்டு பணிக்கு மேலோ பொதுநலன் கருதி அரசே ஒருவரை வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறது. அரசு நம்மை வேண்டாம் என்பது புறத்திணை, நாம் அரசை வேண்டாம் என்பது அகத்திணை என்று பகுத்துக்கொண்டால் குழப்பமில்லை. 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணையைக் கையில் வைத்துக்கொண்டு விருப்ப ஓய்வு கேட்பது பெருந்திணை.

இனி ஏடு.

ஏடு எனப்படுவது, இப்போது போனால் கைக்கு என்ன வரும் என்று கணக்குப் போட்ட காகிதம். ஐம்பது கடந்த அரசு ஊழியர் ஒவ்வொருவரிடமும் ஒன்று உண்டு. இருப்பிடம்: பர்ஸில், ரேஷன் ஸ்மார்ட் கார்டுக்கும் முருகன் படத்துக்கும் நடுவே. நான்காக மடித்தது. மடிப்பில் எழுத்து தேய்ந்து, அடிப்படை ஊதியத்தின் நடு இலக்கம் பெரும்பாலும் சிதைந்திருக்கும். ஒரு பக்கத்தில் 'மிக மிக அவசரம்' என்று தொடங்கும் சுற்றறிக்கை, மறு பக்கத்தில் கணக்கு. இவற்றுள் எது ஏட்டின் முகம், எது முதுகு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சுற்றறிக்கையை எவரும் படித்த தடயம் இல்லாமையால் கணக்கே முகம் எனக் கொள்க.

உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. தேநீர் நேரத்தில் எல்லோரும் தாமாகவே எடுத்து நீட்டுகிறார்கள். (ஐயரும் அரசுக் கல்லூரி ஊழியர்தாம், மாநிலக் கல்லூரியிலிருந்து 1919இல் ஓய்வு பெற்றவர். அடிப்படை விதிகள் மூன்றாண்டு பிந்திப் பிறந்ததால் அவர் இந்த ஏட்டை எழுத நேரவில்லை, தமிழ் பிழைத்தது.) பதிப்புக்கு நான் எடுத்துக்கொண்டது, மாவட்டத் தலைநகர் ஒன்றில் கண்காணிப்பாளராக இருக்கும் நண்பரின் ஏடு. பர்ஸ் ஏடு என்பதால் இனி அது 'ப' எனக் குறிக்கப்பெறும். பக்கத்து நாற்காலி உதவியாளரிடம் உள்ளது 'ப'வைப் பார்த்து எழுதிய படி. மூன்றாம் வரிக் கூட்டல் பிழை இரண்டிலும் ஒன்றுபோல் இருப்பதால் இவ்வுறவு ஐயமற நிறுவப்படுகிறது. தட்டச்சர் மேடம் வைத்திருக்கும் எக்செல் கோப்பு பிற்கால மரபைச் சேர்ந்தது. விடை சரியாக இருப்பதால் மூலத்துக்கு நெருக்கமானதன்று.

'ப'வின் காலத்தைத் தாளை வைத்தோ மையை வைத்தோ கணிக்க இயலாது. அகவிலைப்படியை வைத்துக் கணிக்கலாம். அடி அடுக்கில் 17 என்ற எண், நீல மையில், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதப்பட்டிருக்கிறது. கொரோனாவைக் காட்டி அகவிலைப்படி 17 சதவீதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டு, 2022 ஜனவரியில்தான் 31 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் மனிதர் அந்த ஒரே எண்ணின் மேல் பேனாவை ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அதற்கு மேல் 34, 38, 42, 46 என அடித்து அடித்து எழுதிய அடுக்குகள். 2024 ஜனவரிக்குரிய 50க்குக் கீழே இரட்டைக் கோடு. ஐம்பதைத் தொட்டதும் போய்விடுவதாக அவர் உறுதி பூண்டிருந்தார் என்பதற்கு இக்கோடே சான்று. கோட்டுக்கு அப்பால் 53, 55, 58.

58 இதே ஏட்டின் வலது மேல் மூலையிலும் வருகிறது. அதை அடித்து 59 என்றும், அதையும் அடித்து 60 என்றும் எழுதியிருக்கிறது. அது 2020 மே மாதத்திலும் 2021 பிப்ரவரியிலும் ஓராண்டு ஓராண்டாக உயர்ந்த ஓய்வு வயது. இரண்டு 58களையும் ஒன்றெனக் கருதும் ஆய்வாளர் ஏட்டின் காலத்தில் ஐந்தாண்டு பிழை செய்வார். தொல்காப்பியத்தின் காலத்தைக் கூசாமல் ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் இழுத்துப் பழகியவர்களுக்கு ஐந்தாண்டு ஒரு பொருட்டல்ல. ஆனால் இந்த மூலையில் கண்ணீர் இருக்கிறது. 58 வயதாகி 2020 மே கடைசியில் போயிருக்க வேண்டியவர்கள் 2022 மே வரை நாற்காலியில் இருந்தார்கள். அந்த ஈராண்டு மாதக் கடைசிகளில் பொன்னாடைக்கு அநேகமாக வேலையில்லை. அவர்களுக்கு ஒரே மாதம் முன்னால், ஊரடங்குக்கு நடுவே, மாலையும் இல்லாமல் மிக்சரும் இல்லாமல் ஏப்ரல் 30 அன்று போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் இந்த ஏட்டை விரிக்காதிருப்பது நாகரிகம்.

ஏட்டின் நடுவே கணக்கு. அடிப்படை ஊதியம் 60,000. பணிக்காலம் 25 ஆண்டு. விருப்ப ஓய்வுக்கென்று கூட்டிக் கொடுக்கும் ஐந்தாண்டும் சேர்ந்து 30. முப்பது இருந்தால் முழு ஓய்வூதியம், அதாவது பாதிச் சம்பளம்: 30,000. அதற்கு 58 சதவீதம் 17,400. ஆக 47,400. எதிரே, வேலையில் இருந்தால் 60,000 கூட்டல் 34,800, ஆக 94,800. இரண்டுக்கும் நடுவில் ஒரு வட்டம்; அதற்குள் 47,400. சும்மா வீட்டில் இருந்தாலே ஒரு 47,400 வரும் எனும்போது, பேருந்தில் தொங்கி வந்து, ஆய்வுக் கூட்டத்தில் திட்டு வாங்கி, தகவல் உரிமை மனுவுக்குப் பதில் எழுதிச் சம்பாதிப்பது இன்னொரு 47,400 மட்டுமே. 'நாம பாதிச் சம்பளத்துக்குத்தான் சார் வேலை பாக்குறோம்' என்னும் புகழ்பெற்ற தேற்றம் பிறந்த இடம் இது (டீக்கடை, வாய்மொழி). பாதிச் சம்பளத்துக்குப் பாதி வேலைதானே பார்க்கிறோம், இதில் என்ன நட்டம் என்ற மறுப்பும் உண்டு (மேற்படி டீக்கடை, கிழக்குப் பெஞ்சு மரபு, மேற்குப் பெஞ்சு மரபில் இவ்வரி இல்லை).

ஓரக்குறிப்புகளில், ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை விற்று மொத்தமாக வாங்கும் கம்யூட்டேஷன், 240 நாள் ஈட்டிய விடுப்புக்கான (ஈ.எல்.) பணம், பணிக்கொடை ஆகியவை கூட்டப்பட்டு, அந்தத் தொகைக்கு எதிரே 'மாடி' என்று ஒரு சொல். வீட்டுக்கு மாடி எடுப்பதைக் குறிக்கும் என்பர். 'மாடி' அடிக்கப்பட்டு 'நகை' ஆகியிருக்கிறது. மகளுக்கு வயது இருபத்தைந்தானதும் இப்பாடம் மாறியிருக்க வேண்டும். பிடித்த கம்யூட்டேஷன் திரும்பக் கிடைக்கப் பதினைந்தாண்டு உயிரோடிருக்க வேண்டும் என்பதற்கு எதிரே ஒரு கேள்விக்குறி. கருவூலத்தார் இதை வேறு விதமாக விளக்குவர் (கருவூலக் கணக்கர் ஒருவரின் படிக்கட்டு உரைகள், லிஃப்ட் பழுதான அன்று, இரண்டாம் மாடித் திருப்பம், மூச்சு வாங்கிய இடங்களில் உரை சிதைவு, சிதைந்த பகுதியைக் காவலாளி நினைவிலிருந்து நிரப்பினார், காவலாளி ஒப்பந்தப் பணியாளர் ஆகையால், ஓய்வூதியம் குறித்த அவர் பாடத்தில் கசப்பு கலந்திருக்கலாம்).

வட்டத்துக்குக் கீழே, பென்சிலில், 'பகல்ல என்ன பண்றது' என்று ஒரு வரி. கையெழுத்து நண்பருடையது அன்று. இடைச்செருகல் என்பதில் ஐயமில்லை. செருகியவர் யார் என்பதில்தான் இரு கட்சி. துணைவியார் என்பது ஒரு கட்சி. அவரோ இதை மறுத்து, 'நான் எழுதியிருந்தா பேனால எழுதியிருப்பேன், கேள்விக்குறியும் போட்டிருப்பேன்' என்றார் (அடுப்படி உரை, தாளிப்புக்கு முன், தாளிப்புக்குப் பின் கூறியவை காதில் விழவில்லை, விழுந்த ஒரு சொல் பதிப்பாசிரியரைப் பற்றியது, ஆதலின் விடப்பட்டது). அவர் கவலை வேறு. பெண் பார்க்க வருகிறவர்களிடம் 'கண்காணிப்பாளர்' என்று சொல்வதற்கும், அழைப்பிதழில் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு' என்று போடுவதற்கும் உள்ள தூரம் 47,400 ரூபாயில் அடங்காது என்கிறார். இந்த நுட்பம் எந்த உரைகாரருக்கும் தோன்றவில்லை.

போகத் தக்க நாள் எது என்ற வினா எஞ்சுகிறது. ஜனவரியும் ஜூலையும் அகவிலைப்படிக்கு உரியவை. அறிவிப்பு வர மேலும் சில மாதம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் ஏதோ ஒன்றில் இன்கிரிமென்ட். தீபாவளிக்குப் பண்டிகை முன்பணம். மார்ச்சில் கணக்கு முடிப்பு, அப்போது போகிறவரை அலுவலகமே சபிக்கும். எட்டாவது ஊதியக் குழுவை மத்திய அரசு 2025 ஜனவரியில் அறிவித்துவிட்டதால், அதை ஒட்டி இங்கும் ஏதாவது வரும்வரை பொறுப்பதே அறிவு. எல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பிப்ரவரி 29. அதுவும் நாலு வருடத்துக்கு ஒருமுறை.

இறுதியாக ஒப்பீட்டுச் சான்றுகள். இவை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ளவை, டீக்கடைக்குப் பொறுப்பில்லை. அஸ்ஸாமில் மாவட்ட நீதிபதி ஒருவர் ஓய்வு கேட்டார்; அரசு முதலில் சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு போகக் கூடாது என்றது. அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்று 1977இல் வெளியே வந்தார். பல்ராம் குப்தா வழக்கு இதற்கு நேர் எதிர். தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் புகைப்படப் பிரிவில் கணக்கராக இருந்தவர், 1980 டிசம்பரில், வரும் மார்ச் 31 முதல் ஓய்வு என்று எழுதிக் கொடுத்தார். துறையும் ஏற்றுக்கொண்டது. ஜனவரி முடிவதற்குள் மனம் மாறி, கடிதத்தைத் திரும்பக் கேட்டார். காரணம், கூட வேலை பார்ப்பவர்கள் போகாதீர்கள் என்று விடாமல் வற்புறுத்தினார்களாம். (இதை இடைச்செருகல் எனத் தள்ள நானும் முதலில் முயன்றேன், தீர்ப்பிலேயே இருக்கிறது.) துறை முடியாது என்றது. நிலையில்லாத இந்தக் காலத்தில் யாரால் எதிர்காலத்தை அறுதியிட முடியும், மனம் மாற இடம் கொடுப்பதில் அரசுக்கு என்ன நட்டம் என்ற கருத்தில் 1987இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் அமர்த்தியது. 1981 மார்ச் 31 முதல் பணியில் இருந்ததாகவே கொண்டு எல்லாப் பயன்களும் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது.

இந்தத் தீர்ப்பை 'ப'வின் உரிமையாளரிடம் முழுக்க வாசித்துக் காட்டினேன். மனித மனத்தின் நிலையாமை குறித்த பகுதியில் கொஞ்சம் நிறுத்தியும் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் திறந்தார்.

"ஆறு வருசம் டியூட்டியாவே ட்ரீட் பண்ணிட்டாங்கன்னா, ஈ.எல். கிரெடிட் ஆகியிருக்கணுமே சார். அதைப் பத்தி ஏதாவது போட்டிருக்கா, பாருங்க."