123 ஆண்டு பிடித்த தோட்ட வேலை

1881 ஜனவரியில் கோலாலம்பூர் எரிந்தது. எரியாமல் தப்பியதை அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் கொண்டுபோனது. அத்தாப்புக் கூரை இனி ஆகாது, செங்கல்லும் ஓடும்தான் என்று 1884இல் உத்தரவு போட்டார் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம். சூளைகள் வந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் ஆனது. 1886இல் கிள்ளான் பக்கம் ரயில் ஓடியது. ஈயக் காசு கஜானாவில் குலுங்கியது. வெயில் தாழ்ந்ததும் துரைமார் குதிரை வண்டியில் உலாத்த இடமில்லை என்ற ஒரே குறைதான் பாக்கி.

இந்தக் கொடுமையைப் பொறுக்க மாட்டாதவர் ஆல்பிரட் வென்னிங், மாநிலப் பொருளாளர். உலகமெங்கும் பூங்கா வேண்டும் என்பவர்கள் பொருளாளரிடம் போய்ப் பல்லைக் காட்டுவார்கள். இங்கே பொருளாளருக்கே பூப்பைத்தியம். இதைவிட நல்ல ஜாதகம் எந்தத் தோட்டத்துக்கும் வாய்த்திருக்காது. 1888இல் அவர் தாவரவியல் தோட்டம் ஒன்று கேட்டார். 173 ஏக்கர் கிடைத்தது. லாலாங் புல்லையும் புதரையும் வெட்டி, ஓடையை மறித்து, ஏரி ஒன்றை உண்டாக்கினார்கள். அதற்குச் சிட்னி ஏரி என்று பெயர். ஆஸ்திரேலியாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சுவெட்டன்ஹாமின் மனைவி பெயர் கான்ஸ்டன்ஸ் சிட்னி. அந்தக் கல்யாணம் நிம்மதியாக ஓடவில்லை. 1938இல் விவாகரத்து, மறு ஆண்டே 89 வயதில் துரைக்கு மறுமணம். ஏரி மட்டும் பழைய அம்மாவின் பெயரோடு இருந்தது.

1889 மே 13 அன்று ஆளுநர் சர் செசில் கிளமெண்டி ஸ்மித் வந்து பூங்காவைத் திறந்துவைத்தார். பொதுமக்களுக்கான இடம் என்றுதான் பேச்சு. 1890இல் அதற்குள் லேக் கிளப் முளைத்தது, வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். ஏன், கீழே பாடாங் திடல் ஓரத்தில் 1884இலிருந்தே சிலாங்கூர் கிளப் இருந்ததே? இருந்தது. ஆனால் தம்புசாமிப் பிள்ளை அங்கே தொடக்க உறுப்பினர். எதிர் நாற்காலியில் ஒரு தமிழர், அதுவும் தம்மைவிடப் பெரிய பணக்காரர், கால்மேல் கால் போட்டிருந்தால் சில துரைகளுக்கு விஸ்கி உள்ளே இறங்காது போலும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கிராணிகள் கிளப்புக்கு வெளியே புல்லில் உட்கார்ந்துகொள்ளலாம். அதற்குச் சந்தா கிடையாது.

ரெசிடெண்ட் ஜெனரலாக உயர்ந்த சுவெட்டன்ஹாம், பக்கத்துக் குன்றில் கார்கோசா என்ற மாளிகையைக் கட்டிக்கொண்டார். 1956இல், சுதந்திரம் வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில், மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான் அந்த மாளிகையை பிரிட்டனுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். போகிற விருந்தாளிக்கு வெற்றிலை பாக்கு வைப்பது நம் வழக்கம். வீட்டுப் பத்திரத்தையே வைத்தது துங்குவின் பெருந்தன்மை. அதைத் திரும்ப வாங்க எண்பதுகள் வரை ஆனது.

சுதந்திரத்துக்குப்பின் தோட்டக்காரர் ஒதுங்கினார், கொத்தனார் வந்தார். 1963இல் தேசிய அருங்காட்சியகமும் நாடாளுமன்றமும், 1965இல் தேசியப் பள்ளிவாசல், 1966இல் தேசிய நினைவுச்சின்னம், 1991இல் பறவைப் பூங்கா, பின்னால் கோளரங்கம், 1998இல் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் என்று பூங்காவின் உள்ளும் ஓரமுமாக எழும்பின. தனித்தனியே பார்த்தால் எதையும் குறை சொல்ல வாய் வராது. ஆனால் தலைநகரில் எவர் 'இடம் எங்கே?' என்று கேட்டாலும் எல்லா விரலும் இந்தப் பக்கமே நீண்டது.

நடுவில் பெயர்மாற்று வைபவங்கள். 1975இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் சிட்னியைக் கரையேற்றிவிட்டுத் தாமான் தாசேக் பெர்டானா என்றார். வென்னிங்கின் பெயர் கொண்ட சாலையும் ஜாலான் பெர்டானா ஆகிவிட்டது. 2011 ஜூனில் ரசாக்கின் மகன் நஜிப், அவரும் பிரதமராகி, அப்பா வைத்த பெயரில் பாதியை விட்டுவைத்து, பெர்டானா தாவரவியல் பூங்கா என்று அறிவித்தார். தாவரவியல் தோட்டம்! வென்னிங் துரை 1888இல் மனுப் போட்டுக் கேட்டது அதைத்தானே? 123 ஆண்டுகள் கழித்து அனுமதி வந்தபோது, மனுதாரருக்குத் தெருப்பெயர்கூட மிச்சமில்லை.

இந்த வேகம் இந்தப் பூங்காவுக்கு மட்டும் வாய்த்ததல்ல. புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தை அரசு பூங்காவுக்கென்று எடுத்துக்கொண்டது. பால்மரம் சீவிய தமிழ்க் குடும்பங்களை 1980களின் தொடக்கத்தில் தற்காலிகமாக ரூமா பாஞ்சாங் என்னும் நீள்வீட்டு வரிசையில் வைத்தார்கள். அந்த நிலத்தில் குதிரைச் சவாரி மன்றத்துக்கு இடம் கிடைத்தது. குடும்பங்களுக்கு வீடு வரவில்லை. மிஞ்சிய தாமான் ரிம்பா கியாராவில் உயர்மாடிக் குடியிருப்புகள் கட்ட மாநகராட்சி 2017இல் அனுமதி தந்தது. அக்கம்பக்கத்தார் வழக்காடினார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றத்தில் நீதிபதி நளினி பத்மநாதன் அளித்த தீர்ப்பில் அந்த அனுமதி செல்லாமல் போனது. பூங்கா பிழைத்தது. ரூமா பாஞ்சாங்கின் 'தற்காலிகம்' அதற்குள் நாற்பது ஆண்டைத் தாண்டியிருந்தது.