குதிரைத்திறனும் வெங்காயமும்

ஆஸ்திரேலியாவில் கார் சங்கம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு செயலாளர் இருப்பார். தலைவர் படத்துக்கு நிற்பார், பொருளாளர் பணமில்லை என்பார், மற்ற வேலையெல்லாம் இவர் தலையில். சங்கத்தின் பெயர் போட்ட சட்டை, கையில் பெயர்ப்பட்டியல் செருகிய அட்டை, முகத்தில் பெண்ணைப் பெற்றவரின் கவலை. டைனோ நாளன்று இவர் கார்களைப் பற்றிப் பேசுவார் என்று நம்பி அருகில் போய்விடாதீர்கள். பார்பிக்யூவுக்கு ரொட்டி போதுமா என்றுதான் கேட்பார்.

டைனோ நாள் என்பது கார்களுக்கு நடக்கும் பரீட்சை. பட்டறைத் தரையில் உருளைகள் பதித்திருப்பார்கள். காரை அவற்றின்மேல் ஏற்றி, பட்டைகளால் இழுத்துக் கட்டி, முன்னால் பெரிய மின்விசிறியைச் சுழலவிட்டு, பெரும்பாலும் நாலாவது கியரில், ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதிப்பார்கள். கார் அலறும், ஆனால் ஓர் அங்குலம் நகராது. கடைசியில் சக்கரத்துக்கு இத்தனை கிலோவாட் வந்து சேர்ந்தது என்று ஒரு தாள் வெளியே வரும்.

வருகிறவர்கள் யார் என்று இவர் இரண்டு மாதம் முன்பே கேட்பார். எல்லோரும் கை தூக்குவார்கள். முன்பணம் என்று வாயெடுத்ததும் பாதிப் பேருக்கு மாமியாரின் பிறந்தநாள் ஞாபகம் வந்துவிடும். பணம் கட்டாதவர்கள் அன்று காலை வந்து வரிசையில் நிற்பார்கள், கட்டியவர்கள் தூங்கிவிடுவார்கள். கட்டி, ஓட்டி, அவிழ்க்க ஒரு காருக்குக் கால் மணி நேரமாவது ஆகும் என்பதால் பட்டியல் பத்து மணிக்கே கிழிந்துவிடும்.

இவருடைய உண்மையான திறமை அதற்கப்புறம்தான் தெரியும். கம்பெனி விளம்பரத்தில் போடுவது எஞ்சினின் திறன். டைனோ காட்டுவது கியர்பெட்டியும் டிஃபரன்ஷியலும் டயரும் தங்கள் பங்கைத் தின்றது போக மிஞ்சியது. 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5-க்குக் கம்பெனி சொன்ன கணக்கே சுமார் 85 கிலோவாட்தான். சக்கரத்தில் எழுபதைத் தொட்டால் புண்ணியம். ஆனால் சொந்தக்காரரோ புது சைலன்சர் போட்டு, ஸ்டிக்கரும் ஒட்டி, நூறை எதிர்பார்த்து நிற்பார். தாளைப் பார்த்ததும் வெயில் அதிகம் என்பார். வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் பார்த்துக் கணக்கைச் சரிக்கட்டுகிற கருவி அது என்று செயலாளருக்குத் தெரியும். சொல்ல மாட்டார். தோளில் கை வைத்து, “இந்த டைனோ கொஞ்சம் கஞ்சம், மேட்” என்பார். அடுத்த கார் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் காட்டும். அதன் சொந்தக்காரரிடம் போய், “இந்த டைனோ பொய்யே சொல்லாது, மேட்” என்பார். இரண்டு பேரும் திருப்தியாகச் சாப்பிடுவார்கள்.

இதெல்லாம் வெட்டி வீம்பு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், அதில் நியாயமும் உண்டு. 1999-இல் ஃபோர்டு தன் மஸ்டாங் கோப்ராவுக்கு 320 குதிரைத்திறன் என்றது. வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றினார்கள், கணக்கு உதைத்தது. ஃபோர்டு விற்பனையை நிறுத்திக் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. 2001-இல் அமெரிக்காவில் 155 என்று விற்ற எம்எக்ஸ்-5 உண்மையில் 142 என்று ஒப்புக்கொண்ட மாஸ்டா, விரும்பியவர்களிடமிருந்து காரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவே அறிவித்தது. ஜப்பானில் கதை தலைகீழ். அங்கே 280 குதிரைத்திறனைத் தாண்டுவதில்லை என்று கம்பெனிகள் தமக்குள் பேசிவைத்து, 2004 வரை அதற்கு மேல் எழுதவே இல்லை. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் போன்றவை எழுதியதைவிட அதிகமாகவே இழுத்தன. குறைத்துப் பொய் சொன்ன வியாபாரிகளை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. இந்தக் கதையை ஒவ்வோர் ஆண்டும் இவர் புதிதாகச் சொல்வார், சாசேஜைப் புரட்டிக்கொண்டே.

சாசேஜ் என்றதும் அடுப்படி அரசியலுக்கு வரவேண்டும். ஒரு துண்டு ரொட்டி, சுட்ட சாசேஜ், வதக்கிய வெங்காயம், தக்காளி சாஸ், அவ்வளவுதான் பார்பிக்யூ. ஆனால் 2018-இல், வாசலில் சாசேஜ் சுட்டு விற்க இடம் தருகிற பன்னிங்ஸ் இரும்புச்சாமான் கடைக்காரர்கள், மேலே வைத்த வெங்காயம் தரையில் விழுந்து யாராவது வழுக்கிவிடலாம், ஆகவே சாசேஜுக்கு அடியில் வையுங்கள் என்று சொல்லப்போக, நாடே இரண்டுபட்டது. செயலாளர் அடிவெங்காயக் கட்சி. எண்ணெய் சிந்திய பட்டறையில் வெங்காயத்துக்குப் பயப்படுகிற ஒரே மனிதர். மேல்வெங்காயக் கட்சியினர் அவர் திரும்பும் நேரம் பார்த்து எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

தன் காரின் பெயரை இவர் எப்போதும் பட்டியலில் கடைசியாக எழுதிக்கொள்வார். அதன் முறை வருவதற்குள் பட்டறைக்காரர் விசிறியை நிறுத்தியிருப்பார். “பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று சிரிப்பார். தியாகம் என்று உறுப்பினர்கள் உருகுகிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கம்பெனி சொன்ன திறன் ஒரு கிலோவாட்கூடக் குறையாமல் இன்றும் இருக்கிற ஒரே கார் அந்தச் சங்கத்தில் அவருடையதுதான்.

அடுத்த முறை போகிறவர்கள் முன்பணத்தை நேரத்தோடு கட்டிவிடுங்கள். வெங்காயம் நறுக்கவும் ஓர் ஆள் வேண்டுமாம்.