ஸ்லோ ஸ்பீடு இலக்கணம்: கரிசல்காட்டுப் பழைய கார் தானே ஏறி இறங்குவது பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இன்ஜின் தானே ஏறி, தானே இறங்கி, அணையப் போவதுபோல் பாசாங்கு செய்து மறுபடி ஏறுவதே இவ்வாய்வின் பொருள். மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் எட்டயபுரம் தாண்டி, எப்போதும்வென்றான் டீக்கடை வாசலில் வந்து நிற்கும் பழைய மாருதி 800 மூலபாடமாகக் கொள்ளப்பட்டது. ஐயம் எழும் இடங்களில் அம்பாசடர் பாடமும் ஒப்பிடப்பட்டது. இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டதால் இனிப் புதுப்பிரதி வரப்போவதில்லை. இருக்கும் பிரதிகளை எலி கடிப்பதற்குள் பதிப்பித்துவிட வேண்டும் என்ற பதற்றமே இந்த ஆய்வுக்குத் தூண்டுதல்.

முதலில் இயல்பு நிலையை வரையறுப்போம். மாருதி 800-க்கு மூன்று சிலிண்டர், 796 சி.சி. சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 சுற்று. ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் வெடிப்பதால் நிமிடத்துக்கு 1,350 வெடி. இது சீராக விழுந்தால் ஸ்லோ ஸ்பீடு ‘நிற்கிறது’ என்பது வழக்கு. சுற்றைக் காட்டும் மீட்டர் இந்த வண்டியில் இல்லை. ஆகவே ஆய்வாளரின் முதற்கருவி காது.

2. முன்னோர் கொள்கைகள்

“ஸ்லோ ஸ்பீடு நிக்க மாட்டேங்கு அண்ணாச்சி” என்று வண்டிக்காரர் சொல்லி முடிப்பதற்குள் பானட்டைச் சுற்றி ஒரு சங்கம் கூடிவிடும். அதில் நான்கு பள்ளிகள் உண்டு.

திருகாணிப் பள்ளியார் கையில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். ஸ்லோ ஸ்பீடு திருகாணியைத் திருப்பிய கணத்தில் சத்தம் மாறும். மாறியதைத் தீர்ந்ததாக அறிவித்துவிட்டு டீயை முடிப்பார்கள். உண்மையில் ஆட்டம் நிற்காது, ஆடும் உயரம்தான் மாறியிருக்கும். பிளக் பள்ளியார் எந்த நோய்க்கும் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவார்கள்; பிளக் கெட்டால் இன்ஜின் உதறுமே தவிர இப்படித் தாளம் போட்டு ஏறி இறங்காது. கலப்படப் பள்ளியார் பெட்ரோல் பங்கைச் சந்தேகிப்பார்கள். அடுத்த வண்டிக்கும் அதே பங்கில்தானே போட்டது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். எலுமிச்சைப் பள்ளியார் திருஷ்டி கழிக்கச் சொல்வார்கள். நால்வரில் வண்டிக்குக் கெடுதல் செய்யாதவர் இவர் ஒருவரே என்பதால் இவரை நாம் மறுக்கவில்லை.

3. முதல், கரு, உரி

ஐந்திணையில் கரிசலுக்குத் தனியிடம் தரப்படவில்லை. அந்தக் குறையை இங்கே நிவர்த்தி செய்கிறோம்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம், கரிசல். பெரும்பொழுது, கோடை. கரிசலின் களிமண் ஈரத்தில் உப்பி, காய்ச்சலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். பானட்டுக்குள் இருக்கும் ரப்பர் ஹோஸும் வருடக்கணக்கில் சூடுபட்டு நெகிழ்வு போய் அதேபோல் வெடிக்கிறது. மண் வெடிப்பைப் பார்த்தால் தெரியும். ஹோஸ் வெடிப்போ வளைவின் அடிப்பக்கத்தில் இருக்கும்.

கருப்பொருள்: வேக்கம் ஹோஸ், கார்புரேட்டர் அடி கேஸ்கெட், பி.சி.வி. வால்வு, ஏர் ஃபில்டரில் படிந்த புழுதி, மக்காச்சோளம் அறுத்தபின் காட்டை விட்டுப் பானட்டுக்குக் குடிவரும் எலி, ரேடியேட்டரில் ஊற்றிய உப்புத் தண்ணீர்.

உரிப்பொருள்: ஏறலும் இறங்கலும் அவற்றின் நிமித்தமும்.

4. நிமித்தம்

இன்ஜின் காற்றை உறிஞ்சும் வழி ஒன்றுதான் இருக்க வேண்டும். வெடித்த ஹோஸ் வழியாகக் கணக்கில் வராத காற்று புகுந்தால் கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் விகிதம் குறைந்து கலவை மெலிகிறது. ஒரு வெடி வலுவாக விழும், அடுத்தது சோரும். ஸ்லோ ஜெட்டில் தூசி அடைத்தாலும் இதே கதைதான்.

இன்ஜெக்ஷன் வண்டியில் நாடகம் இன்னும் சுவாரசியமானது. கள்ளக்காற்றால் சுற்று ஏறுகிறது. த்ராட்டிலோ மூடியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் கம்ப்யூட்டர், டீக்கடை வாசலில் நிற்கும் வண்டி மலையிறங்கிக் கொண்டிருப்பதாக முடிவுகட்டிப் பெட்ரோலை நிறுத்துகிறது. சுற்று சரிகிறது. அணைந்துவிடுமோ என்று பயந்து மறுபடி பெட்ரோல் விடுகிறது. சுற்று ஏறுகிறது. தவறான மூலபாடத்துக்குச் சரியான உரை எழுதினால் இப்படித்தான் ஆகும்.

இது நம்மூர் நோய் மட்டுமன்று. 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இன்ஜினில் சுழலும் குண்டுகள் கொண்ட கவர்னரைப் பொருத்தினார். வேகம் கூடினால் அது நீராவியைக் குறைக்கும். திருத்தம் அளவு மீறும்போது வேகம் நிலைகொள்ளாமல் ஆடும். அந்த ஆட்டம் எப்போது அடங்கும், எப்போது வளரும் என்று 1868-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கணிதத்தால் காட்டினார். கிணற்றடி ஆயில் இன்ஜினின் கவர்னர் இணைப்பு அழுக்கேறி இறுகிவிட்டால் அது ‘ஏத்தி இறக்கி அடிப்பதை’க் கேட்டு வளர்ந்த சம்சாரிக்கு மாக்ஸ்வெல்லின் பொருள் புதிதல்ல, சமன்பாடுதான் புதிது.

5. ஆய்வு முறை

முதற்கண், இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் தண்ணீரைப் பார்க்க வேண்டும். தண்ணீர் குறைந்து காற்றுக்குமிழ் தங்கினால் வெப்ப சென்சார் ஒரு கணம் சூடு என்கும், மறுகணம் குளிர் என்கும். கம்ப்யூட்டர் அதற்கேற்ப ஸ்லோ ஸ்பீடை ஏற்றி இறக்கும். ஊற்றுவது கூலன்ட்டாக இருக்கட்டும். போர் தண்ணீர் உள்ளே உப்புப் பொருக்கு கட்டும்.

இரண்டாவது, இன்ஜினை ஓடவிட்டு ‘உஸ்’ என்ற உறிஞ்சல் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, வேக்கம் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய பிளேயரால் நெருக்க வேண்டும். எதை நெருக்கும்போது ஆட்டம் அடங்குகிறதோ அந்த வழியில்தான் கள்ளக்காற்று. பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதற்குப் போகும் தடித்த ஹோஸையும் விட்டுவிடக் கூடாது. கேஸ்கெட் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சிப் பார்க்கலாம்; ஓட்டை இருந்தால் அதை உறிஞ்சி ஓட்டம் மாறும். மின்கம்பிகளில் படாமல் செய்க. பெட்ரோல் தெளித்துச் சோதிக்கும் மரபும் உண்டு. அந்த மரபினர் புருவமின்றித் திரிவதால் அது விலக்கப்பட்டது.

நான்காவது, கரி படிந்த த்ராட்டில் பாடியையும் ஸ்லோ ஸ்பீடு வால்வையும் கிளீனர் போட்டுத் துடைக்க வேண்டும். கார்புரேட்டர் என்றால் ஸ்லோ ஜெட்டைக் கழற்றிக் காற்றடிக்க வேண்டும்.

இத்தனையும் முடிந்த பிறகே திருகாணி. அதையும் எத்தனை சுற்றுத் திருப்பினோம் என்று எண்ணிக்கொண்டே திருப்ப வேண்டும். இல்லையேல் பழைய இடத்துக்குத் திரும்ப வழியிராது.

6. முடிபு

ஏறி இறங்கும் ஸ்லோ ஸ்பீடுக்கு முதற்குற்றவாளியாகச் சந்தேகிக்கத் தக்கது கணக்கில் வராத காற்று. சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டுவதும் டேப் சுற்றுவதும் ஊர் போய்ச் சேர உதவும், தீர்வாகாது. ஒரு சாண் புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் பல வண்டிகளில் போதும். ஆகவே வண்டிக்காரர்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை இதுதான்: பானட்டைத் திறந்ததும் ஸ்க்ரூ டிரைவரோடு வருபவருக்கு முதலில் ஒரு டீ சொல்லுங்கள். அவர் குடித்து முடிப்பதற்குள் ஹோஸ்களை நெருக்கிப் பார்த்துவிடலாம்.